எர்த் கொடுத்து எடுத்த கேபிளிலும் மின்னழுத்தம் திரும்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த மின்பாதுகாப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மழைக்காலம் தொடங்கும் முன்பே இப்படியொரு கட்டுரையை வெளியிட்டதற்கு முதலில் நன்றி. அறுந்து கிடக்கும் கம்பியைப் பற்றியும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவதைப் பற்றியும் அதில் சொல்லியிருப்பவை அனைத்தும் சரியானவை. ஆனால் கடைசிப் பத்தியில் உள்ள இரண்டு வாக்கியங்களைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. மின்காப்புப் பொருளுக்கும் மின்சாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அது வெறும் தடுப்புச் சுவர் என்கிறது ஒரு வாக்கியம். சப்ளையை நிறுத்திவிட்டு, தரையோடு இணைத்த எர்த் ராடால் ஒருமுறை தொட்டு எடுத்துவிட்டால் கேபிளிலோ கண்டன்சரிலோ எதுவும் மிஞ்சியிருக்காது, அதன்பின் தைரியமாகக் கை வைக்கலாம் என்கிறது அடுத்த வாக்கியம். முதலாவது தவறு. அந்தத் தவற்றிலிருந்து பிறந்த இரண்டாவது, ஆளை வீழ்த்தக்கூடியது.

பாலிடெக்னிக் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையாளர் எழுதியதையே நானும் ஒரு காலத்தில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் விலையைக் கொடுத்தது நானல்ல, என் மாணவன்.

பழைய 11 கேவி (11,000 வோல்ட்) கேபிள் ஒன்றைச் சோதிக்க மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். இப்போது பரவலாக இருக்கும் பிளாஸ்டிக் காப்புக் கேபிள் அல்ல அது. எண்ணெயில் ஊறிய காகிதத்தை அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே ஈயக் குழாய் போர்த்திய அந்தக் காலத்துக் கேபிள். காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் கருவியால் ஐயாயிரம் வோல்ட்டைப் பத்து நிமிடம் கொடுத்து அளவெடுத்தோம். மெக்கரைக் கழற்றிவிட்டு எர்த் ராடைக் கொண்டுபோய்த் தொட்டதும் ‘டப்’பென்று நீலப் பொறி பறந்தது. ராடை எடுத்து மீண்டும் தொட்டேன், பொறி இல்லை. “இறங்கிடுச்சு, இனிமே தொடலாம்” என்று சொன்னது நான்தான். அளவுகளை நோட்டில் எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு ஒரு மாணவன் ஏணியில் ஏறி, கேபிள் முனையில் இருக்கும் உலோக இணைப்பான லக்கைக் கழற்ற ஸ்பானரை வைத்தான். அடுத்த நொடி அவன் தரையில் கிடந்தான். அடித்த ஷாக் உயிரைப் பறிக்கும் அளவினது அல்ல. உதறி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. “யாருடா சப்ளை போட்டது?” என்று எல்லோரும் ஓடினோம். யாரும் போடவில்லை. போடுவதற்கு அந்த இடத்தில் சப்ளையே இல்லை. கேபிளின் இரு முனைகளும் கழற்றப்பட்டுத் தனியாக நின்றன. மின்சாரம் வந்தது அந்தக் காகிதத்துக்குள்ளிருந்துதான்.

அது எப்படி வந்தது என்பதைக் கட்டுரையாளரும் வாசகர்களும் அறிய வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

மின்காப்புப் பொருளில் ஓடித் திரியும் எலக்ட்ரான்கள் அநேகமாக இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்குள் மின்னூட்டமே இல்லை என்று பொருளல்ல. ஒவ்வொரு அணுவிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் கட்டுண்டு கிடக்கின்றன. வெளியிலிருந்து மின்புலம் வந்து படும்போது அவை தம் இடத்தை விட்டு ஓடிவிடுவதில்லை. ஆனால் இழுபடுகின்றன, நகர்கின்றன, திரும்புகின்றன. இதைத்தான் நம் பாடநூல்கள் முனைவாக்கம் என்கின்றன. அந்த ஒரு சொல்லுக்குள் பல இயக்கங்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும், அவை எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதையும் பாடநூல்கள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. அணுவைச் சூழ்ந்த எலக்ட்ரான் மேகம் சற்றே ஒருபக்கம் சாய்வதற்கு, நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஓரிரு கூறு போதும். உப்பு போன்ற படிகத்தில் நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று விட்டு விலகுவதற்கு அதைவிட ஆயிரம் மடங்கு நேரம் பிடிக்கும். அதுவும் நம் கணக்கில் கண்ணிமைக்கும் பொழுதுக்கு வெகு கீழேதான். இயல்பிலேயே ஒரு முனை நேராகவும் மறுமுனை எதிராகவும் அமைந்த மூலக்கூறுகள் புலத்தின் திசைக்குத் திரும்புவதற்கு எடுக்கும் நேரம், அவற்றைச் சுற்றியிருப்பது எவ்வளவு இறுகலானது என்பதைப் பொறுத்தது. திண்மங்களில் அது நொடியின் சிறு பங்கிலிருந்து மணிக்கணக்கு வரை நீளலாம். காகிதமும் எண்ணெயும் சந்திக்கும் எல்லை போல இரு வேறு பொருள்கள் சேரும் இடங்களில், ஊர்ந்து வந்த சிறு மின்னூட்டங்கள் தேங்கி நிற்பதும் உண்டு. அதற்கு நிமிடங்கள் ஆகும், சில பொருள்களில் மணிக்கணக்கும் ஆகும்.

பத்து நிமிடம் மின்னழுத்தம் கொடுத்திருந்தபோது அந்தக் கேபிளுக்குள் வேகமான இயக்கங்கள், மெதுவான இயக்கங்கள் இரண்டும் நடந்திருந்தன. எர்த் ராடு தொட்ட கணத்தில் வேகமானவை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பின. நான் பார்த்த நீலப் பொறி அவற்றுடையது. மெதுவானவை இன்னும் திரும்பவில்லை. அவற்றின் இழுப்புக்கு ஈடாகக் கம்பியின் மேல் கொஞ்சம் மின்னூட்டம் பிணைபட்டு நின்றது; ராடு வழியே கம்பியும் ஈய உறையும் இணைந்திருந்ததால் வெளியே மின்னழுத்தம் சுழியாகத் தெரிந்தது. ராடை எடுத்த பிறகும் மெதுவான மூலக்கூறுகள் தம்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தன. அவை திரும்பத் திரும்ப, கம்பியில் பிணைபட்டிருந்த மின்னூட்டம் விடுபட்டது. விடுபட்டது போவதற்கு வழியில்லை. எனவே கம்பிக்கும் உறைக்கும் இடையே மின்னழுத்தம் மறுபடியும் ஏறத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் அது சில நூறு வோல்ட்டை எட்டியிருக்க வேண்டும். இரவெல்லாம் தலை வைத்துப் படுத்த இலவம்பஞ்சுத் தலையணை, தலையை எடுத்த உடனே பாதி எழும்பி, மீதியைக் காலை முழுக்க மெல்ல எழும்பி நிறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ராடை அங்கேயே கட்டிவைத்திருந்தால் விடுபட்டதெல்லாம் அவ்வப்போது தரைக்கு இறங்கியிருக்கும். நான் அதை எடுத்துவிட்டேன்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட நுட்பம் அல்ல. 1745-46 ஆண்டுகளில், கண்ணாடிக் குடுவைக்குள்ளும் புறத்தும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் ஜாடி உருவானது. அதைப் பயன்படுத்தியவர்கள், ஒருமுறை இறக்கிய ஜாடி சற்று நேரம் கழித்து மீண்டும் சிறு பொறி தருவதைக் கண்டு, அதற்கு எச்ச மின்னூட்டம் என்று பெயரும் வைத்தார்கள். 1837இல் மைக்கேல் ஃபாரடே, இரு உலோகக் கோளங்களுக்கு இடையே அரக்கு, கந்தகம், கண்ணாடி ஆகியவற்றை வைத்துப் பார்த்து, இடையில் நிற்கும் பொருளும் மின்விசையில் பங்கெடுக்கிறது என்று நிறுவினார். தடுப்புச் சுவர் என்னும் கருத்து அன்றைக்கே முடிந்துபோனது. 1873இல் மேக்ஸ்வெல், வெவ்வேறு இயல்புள்ள அடுக்குகள் சேர்ந்த ஒரு காப்பில் இந்த எச்சம் ஏன் எழும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். என் மாணவனை வீழ்த்திய எண்ணெய்க் காகிதம் அவர் சொன்ன அடுக்குகளுக்குப் பொருத்தமான உதாரணம்.

இந்த வரலாற்றில் என் மனத்தை விட்டு அகலாத ஒரு செய்தி உண்டு. ஜாடியை முதலில் நேர்த் திசையில் நெடுநேரம் ஊட்டி, பிறகு எதிர்த் திசையில் கொஞ்ச நேரம் ஊட்டி, இறக்கிவிட்டு வைத்தால், முதலில் எதிர் மின்னூட்டம் எழுந்து அடங்கும். அதன்பிறகு நேர் மின்னூட்டம் எழும். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் இதைச் சொல்ல, ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் 1876-77 ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்தார். உள்ளே போன வரிசைக்கு நேர்மாறான வரிசையில் வெளியே வருகிறது. அண்மையில் பட்டது மேலாக இருக்கிறது, முன்பு பட்டது ஆழத்தில் இருக்கிறது. ஒரு கண்ணாடித் துண்டு தன் மேல் பட்ட மின்புலங்களின் கதையை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறது என்றால், அதைச் சடம் என்றும் சுவர் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் தெருக்களில் இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் டிவி மெக்கானிக்குகள். பெட்டி போல் இருந்த பழைய கலர் டிவிகளின் பிக்சர் டியூபில் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் வோல்ட் ஏறும். அந்தக் குழாயின் கண்ணாடியே உள்ளும் புறமும் கருப்புப் பூச்சோடு ஒரு பெரிய மின்தேக்கி. அனுபவமுள்ள மெக்கானிக், தரைக்கம்பி கட்டிய நீண்ட ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடிக்கடியில் செருகி ‘டிக்’கென்று ஒருமுறை இறக்குவார். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் செருகுவார். மறுபடியும் ‘டிக்’ என்று கேட்கும். ஏன் என்று கேட்டால், “கண்ணாடிக்குள்ளே இருக்கும் தம்பி, மெதுவாத்தான் வரும்” என்பார். ஹாப்கின்சனின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் சொன்னது முழுக்கச் சரி. தங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டிய வாக்கியம் அதுதான்.

பள்ளிப் பாடத்தின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது எவ்வளவு முனைவாகும் என்பதைக் காட்ட, ஒவ்வொரு காப்புப் பொருளுக்கும் மின்காப்பு மாறிலி என்று ஒரே ஓர் எண் தந்து, மைக்காவுக்கு ஆறு அளவில், தண்ணீருக்கு எண்பது என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். நிலையாக நிற்கும் மின்புலத்துக்கு அது சரி. புலம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த எண்ணும் மாறும் என்பதைச் சொல்லாவிட்டால் மாணவன் பாதியைத்தான் படித்திருக்கிறான். இதற்குப் பனிக்கட்டியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டிக்கு, நிலையான புலத்தில் அந்த எண் தொண்ணூறை எட்டும், தண்ணீருக்குச் சளைத்ததல்ல. ஆனால் பனிக்கட்டியின் மூலக்கூறுகள் படிகத்தில் மாட்டிக்கொண்டவை. நொடிக்குச் சில ஆயிரம் முறை புலம் திசை மாறும் வரைதான் அவற்றால் ஈடுகொடுக்க முடியும். அதற்கு மேல் போனால் அவை திரும்பும் முயற்சியையே கைவிட்டுவிடுகின்றன, எண்ணும் மூன்றுக்கு அருகே விழுந்துவிடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் புலம் நொடிக்கு 245 கோடிச் சுழற்சிகள் போடுகிறது. திரவத் தண்ணீரின் மூலக்கூறுகள் அந்த வேகத்துக்கும் சற்றுப் பின்தங்கியபடியே ஆடி, அந்தப் பின்தங்கலால் சூடாகின்றன; பனிக்கட்டி அநேகமாக அசைவதே இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த மீன் துண்டை அடுப்பில் வைத்தால், முதலில் உருகிய ஓரம் வெந்து சுருங்கிப்போன பிறகும் நடுப்பகுதி கல்லாகவே கிடப்பது இதனால்தான். இரண்டும் ஒரே தண்ணீர் மூலக்கூறுகள்தான். எவ்வளவு விரைவில் திரும்ப முடியும் என்பதில்தான் வேறுபாடு.

இந்தப் பின்தங்கல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வெப்பம் பிறக்கும். ரெக்சின் உறையும் மழைக்கோட்டும் செய்யும் பட்டறைகளில் பிவிசி தாள்களை நெருப்பில்லாமல் ஒட்டும் இயந்திரம், 27.12 மெகாஹெர்ட்ஸில் மாறும் புலத்துக்குப் பிவிசி மூலக்கூறுகள் பின்தங்குவதைக் கொண்டே வேலை செய்கிறது. அதே இயந்திரத்தில் பாலித்தீன் தாளை வைத்தால் ஒட்டாது, ஏனென்றால் திரும்புவதற்கு முனைகள் உள்ள மூலக்கூறுகள் அதில் இல்லை. உயர் மின்னழுத்தக் கேபிள்களுக்குப் பாலித்தீன் வகைக் காப்பையே தேர்ந்தெடுப்பதற்கும் அதே இயல்பு ஒரு முக்கியக் காரணம்: நொடிக்கு ஐம்பது முறை சுழலும் நம் வீட்டு மின்சாரத்தின் கீழ், ஆண்டுக்கணக்கில், பின்தங்கிப் பின்தங்கிச் சூடாகாத பொருள் வேண்டும். துணைமின் நிலையங்களில் டேன் டெல்டா சோதனை என்று எடுக்கிறார்களே, அது இந்தப் பின்தங்கலின் அளவைத்தான் பார்க்கிறது. ஈரம் புகுந்த காப்பில் அந்த அளவு ஏறும். ஏறியதைக் கண்டுகொள்ளாமல் விட்ட புஷிங் (மின்மாற்றியிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்துக் காப்பு) ஒருநாள் வெடிக்கக்கூடும்.

இன்னொன்றும் எனக்கு நெடுநாளாக வருத்தம். இரும்பின் காந்தத் தயக்கத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். காந்தப்புலத்தை எடுத்த பிறகும் இரும்பு தன் காந்தத்தை உடனே விட்டுவிடுவதில்லை என்று மாணவர்கள் அழகாக எழுதுகிறார்கள். மின்காப்புப் படிகம் ஒன்றிலும் அதே தயக்க வளையம் உண்டு என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் ரோஷெல் உப்பைக் கொண்டு 1920இல் காட்டிவிட்டார். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்தச் சேதி நம் வகுப்பறையை எட்டவில்லை.

களத்தில் வேலை செய்வோருக்கு இதே மெதுவான முனைவாக்கம் நண்பனாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கரை ஒரு மோட்டாரின் கம்பிச் சுற்றில் வைத்தால், நல்ல காப்பாக இருந்தால் முள் ஒரே இடத்தில் நிற்காது. நிமிடங்கள் போகப் போக அளவு ஏறிக்கொண்டே வரும். மெதுவான இயக்கங்கள் ஒவ்வொன்றாக நடந்து முடிய, அவை இழுத்த மின்னோட்டம் குறைந்துகொண்டே போவதால் வரும் ஏற்றம் அது. பத்தாம் நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுத்து, இரண்டுக்கு மேல் வந்தால் பெரிய மோட்டார் சுற்று நன்றாக உலர்ந்திருக்கிறது என்று கொள்வது வழக்கம். ஈரம் ஏறிய சுற்றில் கசிவு மின்னோட்டமே பெரிதாக இருப்பதால் முள் ஏறாமல் படுத்துக்கிடக்கும். பதினைந்து நொடியில் முள்ளைப் பார்த்து ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதுபவர்கள், பத்து நிமிடத்தில் காப்பு தானே சொல்லவிருந்த செய்தியைக் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

ஆகவே களத்தில் நடக்க வேண்டியது இது. டிசி மின்னழுத்தச் சோதனை எவ்வளவு நேரம் நடந்ததோ, அதைப்போல் நான்கு மடங்கு நேரமாவது எர்த் இணைப்பு விடாமல் இருக்க வேண்டும். பத்து நிமிடம் கொடுத்திருந்தால் நாற்பது நிமிடம். அதற்குப் பிறகும், கை வைத்து வேலை செய்யும் நேரம் முழுவதும் எர்த் கட்டியபடியே இருப்பது நல்லது. பயன்படுத்தாமல் கழற்றி அடுக்கி வைக்கும் பெரிய கண்டன்சர்களின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் பிணைத்தே வைக்க வேண்டும். அவற்றில் தேங்கும் ஆற்றல் என் மாணவன் வாங்கிய ஷாக்கைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும் என்பதால், அங்கே மணிக்கட்டோடு போகாது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடியும் ஒரு சோதனை இருக்கிறது. மல்டிமீட்டர் மட்டும் கையில் இருக்க வேண்டும். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் ஒன்றையும் 9 வோல்ட் பேட்டரி ஒன்றையும் எடுத்து, நேர் எதிர் முனைகளைச் சரியாகப் பார்த்துப் பத்து நிமிடம் இணைத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கண்டன்சரின் இரு கால்களையும் பத்து நொடி ஒரு கம்பியால் சேர்த்துப் பிடியுங்கள். மல்டிமீட்டர் சுழியைக் காட்டும். கம்பியை எடுத்துவிட்டு மீட்டரை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். மில்லிவோல்ட் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கும். சில நிமிடங்களில் நூறைத் தாண்டுவதை நான் வகுப்பில் பலமுறை காட்டியிருக்கிறேன். மின்விசிறிக் கண்டன்சரில் இதைச் செய்து பார்த்து எதுவும் தெரியவில்லை என்று ஏமாற வேண்டாம். அதன் பிளாஸ்டிக் படலத்தில் இந்த எச்சம் மிகக் குறைவு. வருகிற கொஞ்சத்தையும் மீட்டரே வடித்துவிடும். பெரிய எலக்ட்ரோலிட்டிக்கின் பெரும்பகுதியை வடிக்கவே அந்த மீட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போல் ஆகும் என்பதால்தான் அங்கே ஏற்றம் தெளிவாகத் தெரிகிறது.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. மின்வாரியப் பணிகளுக்குத் தயாராகும் இளைஞர்களும் ஐடிஐ மாணவர்களும் தங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வதை நான் அறிவேன். ஆகவே “ஒருமுறை எர்த் கொடுத்து எடுத்துவிட்டால் தொடலாம்” என்ற வாக்கியத்தை விலக்கி, “வேலை முடியும் வரை எர்த் இணைப்பை எடுக்கக் கூடாது; எடுத்தால் காப்புக்குள்ளிருந்து மின்னழுத்தம் மீண்டும் ஏறும்” என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில் அதே எழுத்தளவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மின்னியல் விரிவுரையாளர்,
காரைக்குடி.